அந்தரத்தில் நிற்கும் 56 டன்

ஓடுவதைவிட நிற்பது சுலபம் என்பது தரையில் வாழும் நம் அனுபவம். ஹெலிகாப்டருக்கு அது பொருந்தாது. மணிக்கு 100, 150 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போகும்போது அதன் எஞ்சின்களுக்கு வேலை குறைவு. விமானிக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதே இயந்திரம் ஒரு மலைச்சரிவுக்கு மேலே அசையாமல் நிற்க வேண்டுமென்றால், எஞ்சின்கள் ஏறத்தாழ முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும். விமானியின் இரு கைகளும் இரு கால்களும் ஓயாது. ஹெலிகாப்டர் பெரிதாகப் பெரிதாக இந்தச் சிரமமும் வளர்கிறது; எடை கூடும் விகிதத்தில் அல்ல, அதற்கும் மேலாக.

இதைப் புரிந்துகொள்ள மி-26 நல்ல உதாரணம். வரிசை உற்பத்திக்கு வந்த ஹெலிகாப்டர்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. சோவியத் ஒன்றியத்தின் மில் வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய இது 1977 டிசம்பர் 14 அன்று முதன்முதலாகப் பறந்தது. தலைக்கு மேலே 8 இறக்கைகள் கொண்ட சுழலி. அதன் விட்டம் 32 மீட்டர். சரக்கோடு சேர்த்து அதிகபட்ச எடை 56 டன். இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 11,400 குதிரைசக்தி. 1980களில் இந்திய விமானப்படையும் இதை வாங்கி, சண்டிகரிலிருந்து இமயமலைப் பணிகளுக்கு அனுப்பியது.

நொடிக்கு 16 டன் காற்று

காற்றைக் கீழே தள்ளினால்தான் ஹெலிகாப்டர் மேலே நிற்கும். எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகத்தில் தள்ள வேண்டும் என்பதை நியூட்டனின் விதிகளை வைத்தே கணக்கிடலாம். மி-26இன் சுழலி சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் 800 சதுர மீட்டர். கடல் மட்டத்தில் 56 டன்னைத் தாங்க, அந்த வட்டத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் சுமார் 16 டன் காற்று கீழிறங்க வேண்டும். வட்டத்தைக் கடக்கும்போது காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டர். இன்னும் கீழே போனதும் அது இரட்டிப்பாகிறது. அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். வங்கக் கடலில் இந்த வேகத்தில் காற்று வீசினால் வானிலை ஆய்வு மையம் அதை அதிதீவிரப் புயல் என்று அறிவிக்கும்.

காற்றை இப்படித் தள்ளுவதற்கு மட்டும், எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, 12,000 குதிரைசக்திக்கு மேல் செலவாகிறது. மொத்தம் இருப்பது 22,800. இறக்கைகள் காற்றைக் கிழிப்பதால் வரும் உராய்வு, பல்சக்கரப் பெட்டியில் விரயமாவது, வாலில் இருக்கும் சிறு சுழலிக்குப் போவது எல்லாவற்றையும் கழித்தால், மிச்சம் அதிகமில்லை.

மலைக்குப் போனால் கணக்கு இன்னும் இறுகுகிறது. கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. மெல்லிய காற்றை இன்னும் வேகமாகத் தள்ள வேண்டியிருப்பதால், அதே எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவை. எஞ்சினோ அதே மெல்லிய காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதனால் அது தரும் சக்தியும் குறைகிறது. செலவு ஏறும்போது வரவு இறங்குகிறது.

முன்னோக்கி நகர ஆரம்பித்தால் நிலைமை மாறும். மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓர் உதறலை விமானி உணர்வார். சுழலி தான் கலைத்த காற்றை விட்டு விலகி, புதிய காற்றுக்குள் நுழையும் கட்டம் அது. நொடிக்கு அதிகக் காற்று கிடைப்பதால், ஒவ்வொரு கிலோ காற்றையும் மெதுவாகத் தள்ளினாலே போதும். வேகம் இன்னும் கூடினால், தேவைப்படும் சக்தி அந்தரத்தில் நிற்கத் தேவையானதில் பாதி, மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆக, பெரிய ஹெலிகாப்டருக்கு நெருக்கடி கிளம்பும் முதல் நிமிடத்திலும் இறங்கும் கடைசி நிமிடத்திலும்தான்.

அளவு கூடினால் தாமதம் கூடும்

சக்தி போதுமானதாக இருந்தாலும் கட்டுப்பாடு தனிப் பிரச்சினை. இரண்டு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்22 என்ற குட்டி ஹெலிகாப்டரின் மேல் சுழலி விட்டம் 7.67 மீட்டர். மி-26இன் வாலில் இருக்கும் சுழலியே கிட்டத்தட்ட அந்த அளவு: 7.61 மீட்டர். ஆனால் இந்த இரண்டு ஹெலிகாப்டர்களின் மேல் சுழலிகளையும் எடுத்துக்கொண்டால், இறக்கை நுனியின் வேகம் ஒன்றுதான்: நொடிக்கு சுமார் 215, 220 மீட்டர். நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இரைச்சலும் அதிர்வும் இழுவையும் எகிறிவிடும் என்பதால் யாரும் அந்த வரம்பைத் தாண்ட விரும்புவதில்லை. நுனி வேகம் ஒன்றாகவே இருந்து விட்டம் மட்டும் நான்கு மடங்கானால், சுற்றும் வேகம் நான்கில் ஒன்றாகும். ஆர்22இன் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 530 சுற்று சுற்றுகிறது. மி-26இன் சுழலி 132 சுற்றுதான்.

விமானி கோலைச் சாய்த்தால், ஹெலிகாப்டரின் உடல் நேரடியாகச் சாய்வதில்லை. முதலில் ஒரு சாய்தட்டு சரிகிறது. ஒவ்வொரு இறக்கையும் சுற்றிவரும் வழியில் ஒரு பக்கம் கூடுதலாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் முறுக்கிக்கொள்கிறது. அதன் விளைவாகச் சுழலும் வட்டம் சாய்கிறது. பிறகுதான் அந்த வட்டத்தில் தொங்கும் உடல் பின்தொடர்கிறது. இந்த வேலை எத்தனை சுற்றுகளில் நடக்கும் என்பதுதான் கேள்வி. ஒரு சுற்றுக்கு ஆர்22 எடுத்துக்கொள்வது நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு; மி-26 எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அரை நொடி. அதற்குமேல், உடலைத் திருப்ப வேண்டிய நிலைமம் இருக்கிறது. நீளம் இரட்டிப்பானால், அதே வடிவமுள்ள பொருளின் சுழல் நிலைமம் 32 மடங்காகும்.

இதனால் பெரிய ஹெலிகாப்டரின் விமானி இப்போதைய நிலையைப் பார்த்துக் கோலை அசைக்க முடியாது. அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் எங்கே இருக்கும் என்று யூகித்து அசைக்க வேண்டும். அசைத்ததும் எதுவும் நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் அசைத்தால், இரண்டுக்கும் சேர்த்து விளைவு வரும். அதைத் திருத்த எதிர்ப்பக்கம் அசைத்தால், அது இன்னும் பெரிதாக வரும்.

வேறொரு சிக்கலும் உண்டு. உடல் நீளமாக நீளமாக அதன் இயல்பான அதிர்வு வேகம் குறைந்து, நொடிக்கு இரண்டு, மூன்று, நான்கு அசைவுகள் என்ற நிலைக்கு இறங்குகிறது. மனிதக் கையும் உடலும் குலுங்கும் வேகமும் அதே எல்லைக்குள் வருகிறது. உலகில் இதுவரை கட்டப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய ஹெலிகாப்டரான வி-12 இதில்தான் மாட்டியது. 35 மீட்டர் விட்டமுள்ள இரு சுழலிகளைப் பக்கவாட்டில் இரண்டு நீண்ட கைகளின் நுனியில் தாங்கிய 105 டன் இயந்திரம் அது. 1967 ஜூன் 27 அன்று முதல்முறையாகத் தரையைவிட்டு எழுந்தது. விமானி பக்கவாட்டில் சாய்க்கக் கோலை அசைத்ததும் உடல் அதிர்ந்தது. அந்த அதிர்வு விமானி அறையின் தளத்தைக் குலுக்கி, மறுபடியும் கோலுக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குலுக்கலும் புதிய கட்டளையானது. ஹெலிகாப்டர் பலமாகத் தரையில் மோதி, டயர் வெடித்தது. குறையைச் சரிசெய்து 1968 ஜூலை 10 அன்று மறுபடியும் பறக்கவிட்டார்கள். 1969 ஆகஸ்டில் அது 40 டன்னுக்குமேல் சுமையை 2,255 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சாதனை படைத்தது. ஆனாலும் இரண்டு வி-12கள் மட்டுமே கட்டப்பட்டன.

ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும்

விமானியின் இடது கையில் இருக்கும் நெம்புகோல் எல்லா இறக்கைகளின் கோணத்தையும் சேர்த்து மாற்றும். அதை ‘கலெக்டிவ்’ என்பார்கள். வலது கையில் இருப்பது சுழலும் வட்டத்தைச் சாய்க்கும் ‘சைக்ளிக்’. கால்களில் இருக்கும் பெடல்கள் வால் சுழலிக்கு. கொஞ்சம் மேலே போகலாம் என்று கலெக்டிவை இழுத்தால், எஞ்சின் கூடுதலாக முறுக்கும். உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைப் பெடலால் தடுத்தால், வால் சுழலியின் தள்ளல் கூடி, ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நழுவும். அதற்கு சைக்ளிக்கைச் சாய்த்தால், மேல்நோக்கிய விசையில் ஒரு துளி குறையும். மறுபடி கலெக்டிவ். இந்தச் சங்கிலி வேகமாகப் பறக்கும்போதும் உண்டு. ஆனால் அப்போது வால் துடுப்புகளில் மோதும் காற்றே உடலை நேராகப் பிடித்துக்கொள்ளும். நிற்கும்போது அந்த உதவி கிடையாது.

வேகமானியும் கைவிட்டுவிடும். மணிக்கு சுமார் 70 கிலோமீட்டருக்குக் கீழே, சுழலி தள்ளும் காற்று அளவிடும் குழாயைக் குழப்புவதால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. நகர்கிறோமா, எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதைத் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மி-26இன் விமானிக்கோ வால் தெரியாது. அது அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கிறது. கீழே தொங்கும் சரக்கும் தெரியாது. பின்னால் இருக்கும் ஊழியர் எட்டிப் பார்த்துச் சொல்லும் ‘இடப்பக்கம் இரண்டு மீட்டர்’ என்ற குரலை நம்பியே அவர் நகர்த்துகிறார்.

வால் சுழலியே வேண்டாம் என்பது சினூக் எடுத்த வழி. 2019 மார்ச் 25 அன்று இந்திய விமானப்படையில் சேர்ந்த இந்த ஹெலிகாப்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசைகளில் சுற்றுகின்றன. ஒன்றின் முறுக்கை மற்றொன்று சரிசெய்துவிடும். எஞ்சினின் சக்தி முழுவதும் தூக்குவதற்கே போகிறது. எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் நிற்க முடிகிறது. ஆனால் முன்னோக்கிப் பறக்கும்போது பின் சுழலி, முன் சுழலி கலைத்த காற்றில் வேலை செய்ய வேண்டும். உடலும் தானாக நேர்த்திசை பிடிக்காது. அதை நேராக வைத்திருக்கத் தானியங்கி நிலைப்படுத்தி வேண்டும். ஒரு சிக்கலைக் கொடுத்து வேறொரு சிக்கலை வாங்கிக்கொண்டார்கள்.

தான் தள்ளிய காற்றே எதிரி

தரைக்கு அருகில் நின்றால் ஹெலிகாப்டருக்கு ஒரு சலுகை உண்டு. கீழே தள்ளிய காற்று தரையில் மோதிப் பரவுவதால், தேவைப்படும் சக்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையலாம். சுழலியின் விட்டம் அளவுக்கு மேலே போனால் இந்தச் சலுகை மறைந்துவிடும். மலை விளிம்பிலோ கட்டடத்தின் ஓரத்திலோ நின்றால், வட்டத்தின் ஒரு பாதிக்கு மட்டும் சலுகை கிடைக்கும்; மறுபாதிக்குக் கிடைக்காது. 32 மீட்டர் வட்டத்தில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

சுற்றிலும் உயர்ந்த சுவர்கள் இருந்தால் சலுகை தண்டனையாகும். பரவ வழியில்லாத காற்று சுவரேறி மறுபடியும் சுழலிக்குள் மேலிருந்து வந்து விழும். 2011 மே மாதம் ஒசாமா பின்லேடனின் அபோட்டாபாத் வளாகத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று முற்றத்தில் விழுந்ததற்கு, எதிர்பார்த்ததைவிட அதிகமான வெப்பமும் உயர்ந்த மதில்களும் சேர்ந்து காரணம் என்று பிறகு விளக்கம் வந்தது.

இதைவிட மோசமானது வளையச் சுழல். முன்னோக்கிய வேகம் இல்லாமல் செங்குத்தாக வேகமாக இறங்கினால், ஹெலிகாப்டர் தான் தள்ளிய காற்றையே எட்டிப் பிடித்துவிடும். காற்று நுனிகளைச் சுற்றி மேலேறி, மறுபடி சுழலிக்குள் புகுந்து, ஒரு வளையமாகச் சுற்ற ஆரம்பிக்கும். எஞ்சின் முழு பலத்தோடு ஓடும். தூக்குவிசை மட்டும் காணாமல் போகும். விழுகிறோமே என்று கலெக்டிவை இழுப்பது இயல்பு. இழுத்தால் வளையம் இன்னும் வலுக்கும். மேலே இழுக்காமல் முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்து, கலையாத காற்றைத் தேடிப் போவதே தப்பும் வழி. அதற்குக் கீழே உயரம் மிச்சமிருக்க வேண்டும்.

இந்த ஓர் ஆபத்தில் கனமான ஹெலிகாப்டருக்கு அனுகூலம் இருக்கிறது. அது காற்றை வேகமாகத் தள்ளுவதால், அந்தக் காற்றைப் பிடிக்க அது இன்னும் வேகமாக விழ வேண்டும். ஆனால் மாட்டினால் மீள்வதற்கு அதிக உயரம் பிடிக்கும். இரண்டு சுழலிகள் பக்கவாட்டில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேரும். 2000 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரானா என்ற இடத்தில் வி-22 ஆஸ்ப்ரே ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. முன்னோக்கிய வேகம் குறைவு. இறங்கும் வேகம் அனுமதித்ததைவிட இருமடங்குக்கும் மேல். வலப்பக்கச் சுழலி மட்டும் வளையச் சுழலில் மாட்டியது. இடப்பக்கம் தூக்கிக்கொண்டே இருந்தது. விமானம் புரண்டு விழுந்து, 19 வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு நடந்த விரிவான சோதனைப் பறப்புகளிலிருந்துதான் எச்சரிக்கை ஒலிகளும் மீளும் முறைகளும் உருவாயின.

தொங்கும் சுமை

பெரிய ஹெலிகாப்டர்கள் கட்டப்படுவதே சுமை தூக்கத்தான். கம்பியில் தொங்கும் சுமைக்கு ஆடும் காலம் என்று ஒன்று உண்டு. 10 மீட்டர் கம்பி என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஆறு நொடிக்குச் சற்று மேல்; 30 மீட்டர் என்றால் சுமார் 11 நொடி. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான தருணத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுவதுபோல, விமானியின் திருத்தம் தாமதமாகி ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டால், அடக்க நினைத்ததே ஆட்டத்தை வளர்த்துவிடும். அனுபவமுள்ளவர்கள் சுமையை எதிர்த்து இழுக்க மாட்டார்கள். அது போகும் பக்கமே நகர்ந்து, ஆட்டம் முடியும் இடத்தில் அதன் தலைக்கு நேர்மேலே போய் நிற்பார்கள்.

1975இல் கனடாவின் டொரான்டோ நகரில் சி.என். கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா பாகங்களைப் பொருத்த, சிகோர்ஸ்கி எஸ்-64 ஸ்கைகிரேன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலையை அது சில வாரங்களில் முடித்தது. ஆனால் உச்சியிலிருந்த கிரேனைக் கழற்றி இறக்கும் முதல் வேலையிலேயே கிரேன் சற்றுச் சரிந்து, போல்ட்டுகள் இறுகிக்கொண்டன. அதில் கட்டப்பட்ட ஹெலிகாப்டர் நகர முடியாமல் அந்தரத்தில் காத்து நின்றது. தொழிலாளர்கள் ஏறி போல்ட்டுகளை எரித்து அறுத்த பிறகே அது விடுபட்டது. தரையிறங்கியபோது மிச்சமிருந்த எரிபொருள் சில நிமிடங்களுக்குத்தான் போதும். அந்த வகை ஹெலிகாப்டரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஓட்டும் மூன்றாவது இருக்கை உண்டு. சுமையைக் கண்ணால் பார்ப்பவரே ஓட்ட வேண்டும் என்ற எளிய யோசனை அது.

எடை குறைந்து உருவம் பெருத்த சுமைதான் அதிகத் தொல்லை. காற்று அதைப் பிடித்துத் தானாகப் பறக்கவைக்கப் பார்க்கும். 2024 ஆகஸ்ட் 31 அன்று, கேதார்நாத்தில் பழுதாகி நின்ற ஒரு சிறிய ஹெலிகாப்டரை விமானப்படையின் மி-17 கீழே தொங்கவிட்டுக் கிளம்பியது. வழியில் சுமை நிலைகுலைந்து ஆடியது. மேலிருக்கும் ஹெலிகாப்டருக்கே ஆபத்து என்ற நிலையில் விமானி அதைப் பள்ளத்தாக்கில் விடுவித்தார். யாருக்கும் காயமில்லை. அந்த முடிவு சரியானது.

நிற்கக் கற்ற கணினி

ஹெலிகாப்டர் எவ்வளவு அடங்கிப் போகிறது என்பதை எப்படி அளப்பது? 1969இல் ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் என்ற இரு அமெரிக்கச் சோதனை விமானிகள் 1 முதல் 10 வரை ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ‘நன்றாகப் பறக்கிறதா’ என்று அது கேட்பதில்லை. இந்த வேலையை இந்தத் துல்லியத்தில் முடிக்க எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று கேட்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஏ.டி.எஸ்-33 தரநிலை அந்த வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஓர் இடத்தில் வந்து நின்று, நாலாபுறமும் 3 அடிக்குள்ளும் உயரத்தில் 2 அடிக்குள்ளும் 30 நொடி விலகாமல் இருப்பது அவற்றில் ஒன்று. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த வேலையில்தான் பல வடிவமைப்புகள் தடுமாறுகின்றன.

கம்பிகளுக்குப் பதில் மின்சமிக்ஞை வழியாக, நடுவில் கணினியை வைத்துக் கட்டுப்படுத்தும் முறையை 1970களில் போயிங் வெர்டோல் நிறுவனம் தன் கனரக ஹெலிகாப்டர் திட்டத்துக்காகச் சோதித்தது. அந்த ஹெலிகாப்டர் பறக்காமலே கைவிடப்பட்டது, யோசனை நிலைத்தது. 2015 அக்டோபரில் முதலில் பறந்த அமெரிக்காவின் சிஎச்-53கே முழுக்க இந்த முறையில் ஓடுகிறது. அதில் கலெக்டிவை இழுத்தால் பெடலையும் சைக்ளிக்கையும் விமானி சரிசெய்ய வேண்டியதில்லை. கணினி முன்கூட்டியே சரிசெய்கிறது. மிகக் குறைந்த வேகத்தில் கோலை விட்டுவிட்டால் இருந்த இடத்தில் நிற்கிறது. தரை தெரியாத அளவுக்குப் புழுதி எழும்போது இதன் அருமை தெரியும்.

2021 செப்டம்பரில் கலிபோர்னியாவில் சுமார் 12,000 அடி உயரத்தில், விபத்துக்குள்ளாகிக் கிடந்த ஏறக்குறைய 7 டன் கடற்படை ஹெலிகாப்டரை சிஎச்-53கே தூக்கிவந்தது. கேதார்நாத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. இரண்டு சம்பவங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. 13 டன் வகுப்பைச் சேர்ந்த மி-17 எங்கே, 22,000 குதிரைசக்திக்கு மேல் வைத்திருக்கும் சிஎச்-53கே எங்கே. ஆனால் தேவை ஒன்றுதான்: மெல்லிய காற்றில், பெருங்கனத்தோடு, அசையாமல் நிற்பது.

மி-17க்கு மாற்றாக 13 டன் வகுப்பில் சொந்த ஹெலிகாப்டர் ஒன்றை உருவாக்கும் திட்டத்தை இந்தியாவின் எச்.ஏ.எல். நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது. அது எத்தனை டன் தூக்கும், எவ்வளவு வேகம் போகும் என்ற கேள்விகள் நாளிதழ்களில் நிச்சயம் வரும். 3,500 மீட்டர் உயரத்தில், குறுக்குக் காற்றில், சுமையோடு 30 நொடி எத்தனை அடிக்குள் நிற்கும் என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். எஞ்சினைக் கூட்டு முயற்சியில் தயாரிக்கலாம், பாகங்களை வாங்கலாம். நிற்கும் திறமையை நம் மலைகளில் நம் விமானிகள் சோதித்துத்தான் அந்த ஹெலிகாப்டரின் கணினிக்குள் எழுத முடியும்.